மிளகாய் நாற்றங்காலில் வேம் (வேர் உட்பூசணம்) போட்டும் வேர் பெருகவில்லையே, ஏன்?

கேள்வி: மேட்டுப்பாத்தியில் டி.ஏ.பி. உரம் கலந்து, கார்பன்டாசிம் என்ற பூசணக்கொல்லியால் நேர்த்தி செய்த மிளகாய் விதையை விதைத்தேன். முளைத்த பிறகு மேலாக வேம் தூவினேன். வேம் போடாத பாத்திக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. சரக்கு போலியா?

பதில்: சரக்கைச் சந்தேகிக்கும் முன் டி.ஏ.பி.யைக் கவனியுங்கள். அது மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்த உரம். மணிச்சத்துக்கு ஏங்கும் வேர்தான் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற ஹார்மோனை மண்ணில் கசியவிடும். அது பட்டதும் வேமின் பூசண இழை கிளைகிளையாகப் பிரிந்து வேரை நோக்கி வரும். பதிலுக்குப் பூசணமும் ஒரு சமிக்ஞைப் பொருளை வெளிவிடும். அது எட்டியதும் பக்கவேர்கள் கிளம்பும். பூசணம் உள்ளே குடியேறிய பின் வேரில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனின் அளவும் மாறி, அந்தக் கிளைப்புக்குத் துணைசெய்யும். மணிச்சத்து காலடியிலேயே கொட்டிக் கிடந்தால் செடி ஸ்ட்ரைகோலாக்டோன் சுரப்பைக் குறைத்துவிடும். அழைப்பே போகாதபோது பூசணம் எப்படி வரும்?

அடுத்த தவறு கார்பன்டாசிம். அது வேம் பூசணத்தையும் ஒடுக்கும். நாற்றழுகலுக்கு முக்கியக் காரணமான பித்தியம் என்ற நோய்க்கிருமியையோ அது கட்டுப்படுத்தாது. ஆக, நஷ்டம் இரட்டிப்பு. கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணம் போதும்.

மூன்றாவது, மேலாகத் தூவியது. வேம் தண்ணீரில் கரைந்து இறங்கும் உரமல்ல. வித்துகளும் பூசணம் ஏறிய வேர்த் துணுக்குகளும் வெர்மிகுலைட் என்ற கனிமத்தில் கலந்த சரக்கு. முளைவேர் அதை ஊடுருவிப் போக வேண்டும். அடுத்த விதைப்பில் சதுர மீட்டருக்கு 100 கிராம் எடுத்து, 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில் பரப்பி, மேலே மண் மூடி விதையுங்கள். பாத்திக்கு மக்கிய தொழுவுரம் மட்டும் போதும். டி.ஏ.பி. வேண்டவே வேண்டாம். ஈரம் காயக்கூடாது, தண்ணீரும் தேங்கக்கூடாது. நடவு வயலில் மண் பரிசோதனை சொல்லும் அளவுக்கு மேல் சூப்பர் பாஸ்பேட் என்ற மணிச்சத்து உரத்தைப் போடாதீர்கள்.

நாற்று வேகமாக வளரட்டும் என்று ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஹார்மோனும் தெளிக்காதீர்கள். அது மிகுந்தால், வேர்ச் செல்லுக்குள் பூசணம் மணிச்சத்தைக் கைமாற்றும் சிறு மரம் போன்ற கிளையமைப்பு உருவாகாது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கிக்கு வேம் வாங்குவது வீண்செலவு. அந்தக் குடும்பம் இந்தப் பூசணத்தை ஏற்காது.

பலன் பார்க்க, ஒரு முழம் பாத்தியை வேம் போடாமல் விடுங்கள். 35-ஆம் நாள் இரண்டு பக்கமும் பத்துப் பத்து நாற்றை மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசி, வெள்ளைத் துணியில் பரப்பிப் பக்கவேர்களை எண்ணுங்கள். வேம் ஏறிய வேரில் வேர்த்தூவிகள் (மெல்லிய வேர்முடிகள்) சற்றுக் குறைவாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அவற்றின் வேலையைப் பூசண இழைகள் எடுத்துக்கொண்டிருக்கும்.