ஒயில் ஊறின மண்ணுக்கு என்ன வழி? கேள்வி பதில்

பரந்தன் கராஜ்காரர்: வருசக் கணக்காக் கழிவொயில் ஊத்தி வளவில ஒரு மூலை கறுத்துப் போச்சு. ஒயில் தின்னுற பற்றீரியாத் தூள் விக்கினமாம். வாங்கலாமோ?

காசை வீணாக்காதேங்கோ அண்ணை. அந்தப் பற்றீரியாக்கள் உங்கட மண்ணிலயே இருக்கு. சூடோமோனாசு, றொடோகொக்கசு எண்டு பல இனம். ஒயில் ஊறின இடத்தில தானாப் பெருகும். அதுகளுக்குக் காணாமல் கிடக்கிறது காத்தும் ஈரமும் பசளையும். ஒயிலில காபன் நிறைய, நைதரசனும் பொசுபரசும் இல்லை எண்டே சொல்லலாம்.

கறுத்த மண்ணை வெட்டித் தடிச்ச தறப்பாளில ஒரு அடிக்கு மேற்படாமல் பரவுங்கோ. மக்கின மாட்டெருவும் உமியும் கலவுங்கோ. காபன் 100க்கு நைதரசன் 10, பொசுபரசு 1 எண்டது பொதுக் கணக்கு. அப்பிடிப் பாத்தால் மண்ணில 10 கிலோ ஒயில் இருந்தால் 2 கிலோவுக்குக் கொஞ்சம் குறைய யூரியா, அரைக் கிலோவுக்குள்ள ரீ.எஸ்.பி. எண்ட பொசுபரசுப் பசளை. யூரியாவை ஒரேயடியாக் கொட்டாதேங்கோ, நுண்ணங்கியும் செத்துப் போகும். மாதா மாதம் பிரிச்சுப் போடுங்கோ. கிழமைக்கு ஒருக்கால் மண்வெட்டியால புரட்டுங்கோ. கையில பிடிச்சால் உருண்டை நிக்கவேணும், தண்ணி வடியக்கூடாது. மாரி மழைக்கு மேல மூடாட்டி ஒயில் அயல் கிணத்துக்குப் போய்ச் சேரும். மாசக் கணக்கில எடுக்கும், அவசரப்படாதேங்கோ.

அவரே: பிறகு அதில கீரை போடலாமோ?

வேண்டாம். எஞ்சின் தேய்ஞ்சு வந்த உலோகத்தையும் ஒயிலோட சேர்த்து வந்த நாகத்தையும் (சிங்க்) எந்தப் பற்றீரியாவும் சிதைக்காது.

தர்மபுரம் அக்கா: வாட்டர் பம்ப் சரிஞ்சு மண்ணெண்ணெய் கிணத்துக்குள்ள போட்டுது. கொதிக்க வைச்சுக் குடிக்கலாமே?

கூடாது அக்கா. கொதிக்க வைச்சும் சரிவராது, குளோரினும் சரிவராது, குளோரின் கிருமிக்குத்தான். மிதக்கிற படையைப் பழைய துணியால ஒத்தி எடுங்கோ. பிறகு இறையுங்கோ, அந்தத் தண்ணியை வாய்க்காலுக்கு விடாதேங்கோ. பீ.எச்.ஐ.யிட்ட (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லித் தண்ணியைப் பரிசோதிச்சு முடிவு வந்த பிறகு குடியுங்கோ. நிலத்தடியில ஒட்சிசன் குறைவு, அங்க பற்றீரியா மெல்லத்தான் வேலை செய்யும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில மின் நிலையக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில கலந்த வழக்கில 2019இல உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு குடுக்கச் சொன்னது. காசு வந்தாலும் கிணறு உடன தெளியிறேல்லை.

உயர்தர மாணவி, கிளிநொச்சி: ஒயிலில இருக்கிற ஐதரோகாபனை (ஐதரசனும் காபனும் சேர்ந்த சேர்வை) பற்றீரியா எப்பிடிச் சமிக்குது?

நொதியம் ஒண்டு அற்கேன் எண்ட சங்கிலி ஐதரோகாபனின்ர நுனியில ஒட்சிசன் அணுவைச் சேர்க்கும் தங்கச்சி. அது அற்ககோலாகி, கொழுப்பமிலமாகி, ரெண்டு ரெண்டு காபனா வெட்டுப்படும். வளையம் பல சேர்ந்த மூலக்கூறுகள் எண்டால் பாடுதான். ஆனந்த சக்கரவர்த்தி எண்ட விஞ்ஞானி எண்ணெய் தின்ன உருவாக்கின சூடோமோனாசுக்கு 1980இல அமெரிக்க உயர் நீதிமன்றம் காப்புரிமைக்கு வழி விட்டது. பேர் பெற்ற அந்தப் பற்றீரியாவைக் கடலில விட்டுச் சுத்தம் செய்யேல்லை எண்டதையும் கட்டுரையில எழுதுங்கோ. 1989இல அலாஸ்காவில எக்சன் வால்டிஸ் கப்பல் எண்ணெய் கொட்டினபோது கரைக்குப் போட்டது பசளைதான், அங்கிருந்த பற்றீரியாக்களே அதால பெருகி எண்ணெயில ஒரு பகுதியைச் சிதைச்சது.

முல்லைத்தீவுத் தொழிலாளி: கரையில தார்க்கட்டி ஒதுங்குது. அதுக்கும் பசளையோ?

இல்லை. அது பற்றீரியா தின்னாமல் விட்ட மிச்சம். கையுறை போட்டுப் பொறுக்கி எடுக்கிறதுதான்.

கண்டாவளை கமக்காரர்: லாண்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மிசின்) டீசல் வயலுக்க ஊத்துப்பட்டுது.

உடன வக்கடையை, தண்ணி வெளியேறுற வரம்பு வாயை, கட்டுங்கோ ஐயா. வைக்கலைப் போட்டு ஒத்தி எடுத்து, அதை வயலுக்கு வெளியில தறப்பாளில குவியுங்கோ. தண்ணி நிண்டால் காத்து இறங்காது. வெள்ளம் வத்தின பிறகு அந்தத் துண்டை மட்டும் கொத்திப் புரட்டி மாட்டெரு போடுங்கோ.