உறவினருக்கு ஒரு விலை, கடைக்கு ஒரு விலையா?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவள். முட்டம் கடற்கரை, மாத்தூர் தொட்டிப்பாலம், மணக்குடிக் காயல், தோவாளைப் பூச்சந்தை ஆகியவற்றைப் பல ஆண்டுகளாகப் படம் எடுத்து வருகிறேன். பால்காய்ப்பு (புதுமனை புகுவிழா) வீட்டுக்கென்று உறவினர் ஒருவர் 12க்கு 18 அங்குலப் பிரிண்ட் ஒன்றைக் கேட்டபோது, படத்தை அச்சிட்ட லேபுக்குக் கொடுத்த பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன். இப்போது கன்னியாகுமரியில் கைவினைப் பொருள் கடை வைத்திருக்கும் ஒருவர், விற்கும் விலையில் நூற்றுக்கு 40 கழிவு (கமிஷன்) கேட்டு, என் பிரிண்டுகளை வைக்க முன்வந்திருக்கிறார். பொழுதுபோக்காக எடுத்த படங்களுக்கு என்ன விலை சொல்வது?
- ஒரு வாசகி, தக்கலை

பதில்: படம் எடுத்தது பொழுதுபோக்காக இருக்கலாம், அம்மா, ஆனால் அதைத் தேர்ந்தெடுத்து, நிறம் சரிசெய்து, லேபிலிருந்து வந்ததும் கறை, கீறல் பார்த்து, சுற்றிலும் அட்டை விளிம்பு வைத்து மவுண்ட் செய்து, பொதிந்து கொடுப்பது உழைப்பு. அந்த உழைப்புக்கு விலை வைக்கக் கூச்சப்படுவதுதான் நம் ஊர் ஆர்வலர்கள் பலரிடமும் நான் காணும் குறை. அதனால் நஷ்டம் அவர்களுக்கு மட்டுமல்ல. அதே தொழிலை நம்பி வாடகையும் கூலியும் கொடுத்து ஸ்டூடியோ நடத்துகிறவருடைய விலையும் அதனால் கெடுகிறது.

கணக்கு விளங்குவதற்காகச் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். உங்கள் லேபின் கட்டணத்தை இவற்றின் இடத்தில் போட்டுப் பாருங்கள். பிரிண்டுக்கு 250 ரூபாய், மவுண்ட் அட்டைக்கும் மேலுறைக்கும் 150 ரூபாய், பத்தில் ஒன்று வீணாகும் என்று கொண்டு 40 ரூபாய், உங்கள் உழைப்புக்கு 300 ரூபாய் என்றால், உங்கள் கைக்கு 740 ரூபாய் வந்தாக வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்: 740 ரூபாயோடு அதில் நூற்றுக்கு 40 சேர்த்து 1,036 ரூபாய் என்று விலை போடுகிறார்கள். கடைக்காரரோ தமது கழிவை விற்ற விலையிலிருந்து எடுப்பதால், 622 ரூபாய்தான் மிஞ்சும். ஆகவே 740ஐ 0.6ஆல் வகுக்க வேண்டும். 1,233 ரூபாய் வருகிறது, அதை 1,250 ஆக்கிக்கொள்ளலாம்.

கேமரா வாங்கிய பணத்தை ஒவ்வொரு பிரிண்டின் தலையிலும் ஏற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. அது நீங்கள் உங்கள் மகிழ்ச்சிக்காகச் செய்த செலவு.

வீட்டுக்கு வந்து வாங்குகிறவருக்கும் அதே 1,250 ரூபாய்தான் சொல்ல வேண்டும். கடையில் ஒரு விலையும் உங்கள் வீட்டில் அதைவிடக் குறைந்த விலையும் இருந்தால், கடைக்காரர் உங்களை நம்பிப் படத்தை மாட்டி வைப்பதில் பொருளே இல்லை. உறவினர்களுக்கு மனமிருந்தால் பால்காய்ப்புப் பரிசாக முழுவதுமாகக் கொடுத்துவிடுங்கள். பாதி விலைக்கு மட்டும் கொடுக்காதீர்கள், ஏனெனில் அந்தப் பாதி விலைதான் குடும்பம் முழுவதும் உங்கள் விலையாகப் பரவும்.

கன்னியாகுமரிக் கடையில் கண்ணாடி போட்ட ஃபிரேம்களை வைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அங்கு வருகிறவர்களில் பலர் இரயிலில் நெடுந்தூரம் திரும்பிச் செல்கிறவர்கள். கண்ணாடியைச் சுமக்கத் தயங்குவார்கள். பெட்டிக்குள் தட்டையாக அடங்கும் 8க்கு 12 அங்குலப் பிரிண்ட், பின்னால் கெட்டி அட்டையுடன், அங்கே விற்பதற்கு ஏற்றது. ஃபிரேம் போட்ட பெரிய படங்களை நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் காட்டுங்கள்.

கடைக்காரரோடு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, பழுதானால் யார் பொறுப்பு என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படங்களை எவ்வளவு பெரிதாக அச்சிடலாம்? கடற்கரை வீடுகளில் பிரிண்ட் கெட்டுப்போகாமல் இருக்குமா?
- ஒரு வாசகர், குளச்சல்

பதில்: உங்கள் கேமரா தரும், 6000க்கு 4000 பிக்சல் உள்ள படத்தை, அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில், 20க்கு 13 அங்குலம் வரை கூர்மை குன்றாமல் அச்சிடலாம், சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் 30க்கு 20 அங்குலப் படத்துக்கு 200 பிக்சலே போதும். வாட்ஸ்அப்பில் வந்த நகலை ஒருபோதும் லேபுக்கு அனுப்பாதீர்கள், அது பெரும்பாலும் சுருக்கப்பட்டது. அளவைத் தேர்ந்தெடுக்கும்போது 8க்கு 12, 12க்கு 18 ஆகியவை உங்கள் கேமராவின் நீள அகல விகிதத்தோடு அப்படியே பொருந்தும். 12க்கு 15 என்றால் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு வெட்டுப்படும். 133 அடி வள்ளுவர் சிலையைச் சட்டகம் நிறைய எடுத்திருந்தால், பாறையையோ முடியையோ இழப்பீர்கள்.

இரு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம் கன்னியாகுமரி. ஈரக்காற்றில் பிரிண்ட் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். ஆகையால் இடையே மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடுவது இங்கே அழகுக்காக மட்டுமல்ல, அவசியத்துக்காகவும்தான். அமிலமற்ற அட்டையைக் கேட்டு வாங்குங்கள். மழைநீர் ஊறும் சுவரிலும் நேர்வெயில் படும் இடத்திலும் மாட்ட வேண்டாம் என்று வாங்குகிறவரிடம் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: வள்ளுவர் சிலை, பத்மநாபபுரம் அரண்மனை, கரைமடி வலை இழுக்கும் மீனவர்கள் ஆகியோரின் படங்களை விற்க அனுமதி வேண்டுமா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: பொது இடத்தில் நிலையாக நிறுவப்பட்ட சிலையைப் படம் எடுப்பதும் அதை வெளியிடுவதும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி உரிமை மீறல் ஆகாது. அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. உள்ளே எடுத்த படங்களை விற்பதற்கு முன் அத்துறையிடம் எழுத்துமூலம் அனுமதி கேட்டுவிடுங்கள். மீனவர்களைப் பொறுத்தவரை, முகம் தெளிவாகத் தெரிந்தால் அவரைக் கண்டு சம்மதம் கேட்பதும், ஒரு பிரிண்டை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் நம் கடமை என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரிண்ட் வாங்குகிறவருக்குக் காகிதம்தான் சொந்தமாகிறது, பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். ஆனால் ஒரு விடுதி உங்களுக்குப் பணம் கொடுத்துத் தங்களுக்காகப் படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு உரிமையை அந்த விடுதிக்கே கொடுக்கிறது. அந்தப் படங்களைப் பின்னால் நீங்களும் விற்க விரும்பினால், முன்பணம் வாங்கும் முன்பே பதிப்புரிமை உங்களிடம் இருக்கும் என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.