எட்டு ஜிபி இருந்தும் சேர்வர் எழும்பவில்லையே?

கேள்வி: எங்கள் இரும்புக் கடையின் கணக்கும் இருப்பும் டொம்கெட் என்ற சேர்வரில் ஓடும் ஒரு ஜாவா மென்பொருளில்தான் இருக்கின்றன. மெதுவாகிவிட்டது என்று ஹீப்பின், அதாவது ஜாவா மென்பொருள் தன் தரவை வைக்கும் நினைவகத்தின், உச்சமான எக்ஸ்எம்எக்ஸ் அளவை 512 எம்பியில் இருந்து 2048க்குக் கூட்டினேன். இப்போது சேர்வர் தொடங்குவதே இல்லை, 2097152 கேபி ஹீப்புக்கு இடம் ஒதுக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிவிட்டு நிற்கிறது. விண்டோஸ் கணினி, 8 ஜிபி ராம், அதில் 5 ஜிபி சும்மா கிடக்கிறது. இன்னும் ராம் வாங்க வேண்டுமா?
- வாசகர், சுன்னாகம்

பதில்: வேண்டாம் தம்பி, காசை வைத்திருங்கள். உங்களிடம் இருப்பது 32 பிட் ஜாவா என்றுதான் எனக்குப் படுகிறது. விண்டோஸில் 32 பிட் ஜாவாவுக்கு வழக்கமாக 2 ஜிபி முகவரி இடம்தான், அதாவது அது எட்டிப் பிடிக்கக்கூடிய நினைவகம் அவ்வளவுதான், ராம் எட்டாக இருந்தாலும் பதினாறாக இருந்தாலும் அது மாறாது. அதற்குள்ளும் டிஎல்எல் எனும் துணை நிரல் கோப்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்து இருந்துவிடும், ஹீப்புக்கோ இடைவெளி இல்லாமல் ஒரே துண்டாக இடம் வேண்டும். பத்துப் பரப்புக் காணி இருந்தாலும் நடுவில் கிணறும் நாலு பனையும் நின்றால் முழுவதையும் அடைத்து ஒரே கட்டடம் போட முடியாதல்லவா, அப்படித்தான் இதுவும். ஆகவே 1500 எம்பியைத் தாண்டினாலே பெரும்பாலும் சிக்கல், 2048 நடக்கவே நடக்காது.

கமாண்ட் புரொம்ப்டில் 'ஜாவா -வெர்ஷன்' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். கடைசி வரியில் 64 பிட் என்று இல்லாவிட்டால் அது 32 தான். இருக்கிறது என்றாலும் உடனே நம்பிவிடாதீர்கள், ஒரே கணினியில் இரண்டு ஜாவா கிடப்பது சாதாரணம், டொம்கெட் எதை எடுக்கிறது என்பதுதான் முக்கியம். ஜாவா ஹோம் என்ற விண்டோஸ் அமைப்பு காட்டும் ஃபோல்டரின் பெயரில் எக்ஸ்86 இருந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

சரி, 64 பிட் ஜாவாவைப் போடுங்கள். டொம்கெட்டை விண்டோஸ் சேர்விஸாக, அதாவது பின்னணியில் தானாக ஓடும்படி, ஓட்டினால் அதுவும் 64 பிட்டாக இருக்க வேண்டும், எக்ஸ்எம்எக்ஸ் அளவையும் அந்த சேர்விஸின் ஜாவா பக்கத்தில்தான் மாற்ற வேண்டும். அப்புறம், மென்பொருள் பில் பிரின்டருக்குப் பழைய 32 பிட் டிஎல்எல் எதையாவது பிடித்து வைத்திருந்தால் அது 64 பிட் ஜாவாவில் ஏறாது, எழுதிக் கொடுத்தவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

64 வந்துவிட்டது என்று 7 ஜிபியைத் தூக்கிக் கொடுக்கவும் வேண்டாம், விண்டோஸுக்கும் டேட்டாபேஸுக்கும் ராம் வேண்டும், ஜாவாவே ஹீப்புக்கு வெளியிலும் கொஞ்சம் எடுக்கும். கடைக்கு 2 ஜிபி போதும். ராமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்கில் வைக்கும் பேஜ் ஃபைலை யாராவது நிறுத்தி வைத்திருந்தால் திரும்பப் போட்டுவிடுங்கள், அது இல்லாமல் 64 பிட்டிலும் இதே மாதிரி நிற்கலாம்.

நாளைக் காலை கடை திறந்தே ஆக வேண்டும் என்றால் இப்போதைக்கு 1024 கொடுத்து ஓட்டுங்கள், மற்றதை ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாகச் செய்யலாம்.