சனி ஞாயிறை யாருக்கும் எழுதிக் கொடுத்துடாதீங்க

தம்பி, கோயமுத்தூர்லேர்ந்து கொழும்புக்கு ஐ.டி. வேலைக்கு வந்து நாலு மாசம் ஆச்சு, வாரத்துல அஞ்சு நாள்தான் ஆபீஸ், ஆனாலும் வெள்ளிக்கிழமை ராத்திரியைவிட திங்கக்கிழமை காலையிலதான் உடம்பு அசதியா இருக்கு, இத்தனை வருஷமா இங்கே இருக்கிற நீங்க லீவு நாள்ல என்னதான் செய்றீங்க அக்கான்னு கேட்டிருந்தீங்க. ஒரு வாரம் கண்டி, ஒரு வாரம் எல்லங்கிற மலையூர், ஒரு வாரம் சிகிரியா, நடுவுல ஊருக்கே ஒரு நடை போய்ட்டு வந்ததையும் எழுதியிருந்தீங்க. படிச்ச எனக்கே இடுப்பு விட்டுப் போச்சு.

ஊர் விஷயத்தை முதல்ல சொல்லிடறேன். சென்னைக்கு விமானத்துல ஒன்றரை மணி நேரம்கூட ஆகாதுங்கிறதுதான் நம்மளை ஏமாத்துது. கட்டுநாயக்கவுக்கு 2013ல அதிவேகப் பாதை வந்ததுல ஏர்போர்ட் போறதும் சுலபமாயிடுச்சு. ஆனா முன்கூட்டியே போய் வரிசையில நிக்கணும், சென்னையில இறங்கி கோயமுத்தூருக்கு ராத்திரி ரயில் பிடிக்கணும். அங்கே போய் உட்கார்ந்தா அம்மா சோறு போட்டுக்கிட்டே எத்தனை மணிக்குடா கிளம்பணும்னு கேப்பாங்க. அம்மாவைப் பார்க்கப் போறது நல்ல காரியம், போங்க. அதை ஓய்வுக் கணக்குல மட்டும் எழுதாதீங்க.

அதைவிடப் பெரிய தொல்லை போன். 2006 ஏப்ரல்லேர்ந்து இலங்கைக் கடிகாரமும் இந்தியக் கடிகாரமும் ஒண்ணுதான், நிமிஷ வித்தியாசம் கிடையாது. துபாய்ல இருக்கிறவனுக்குப் போன் பண்ணும்போது அங்கே இப்ப மணி என்னன்னு யோசிப்பாங்க. நமக்கு அந்தச் சலுகை இல்ல. ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்குச் சித்தப்பா, எட்டரைக்கு பெரியம்மா, அப்புறம் யாரோ ஒருத்தர் சீதை கோயில் பார்க்க நுவரெலியா வர்றாங்களாம், வண்டி விசாரிக்கணுமாம். நான் எல்லாரையும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல மாத்திட்டேன். "கொழும்புக்குப் போனதும் பெரிய மனுஷி ஆயிட்டா"ன்னு ஒரு பேச்சு ஓடுச்சு. ஓடட்டும். இப்ப அஞ்சு மணிக்கு அவங்களே கூப்பிடறாங்க.

காலை நேரம் அப்படிக் கையில வந்தா என்ன செய்றதுன்னு கேப்பீங்க. நான் இருக்கிறது வெள்ளவத்தையில, காலி வீதியிலேர்ந்து கடலுக்கு இறங்குற ஒரு ஒழுங்கையில, அதாவது சந்துல. ஆறரை மணிக்குள்ள பாட்டுப் போட்டுக்கிட்டே பாண் ஆட்டோ வந்துடும், பாண்னா இங்கே ரொட்டி. பின்பக்கக் கண்ணாடிக் கதவை அந்தப் பையன் தூக்கினா உள்ள மீன் வச்ச மாலு பாண், சீனி போட்ட பன்னான சீனிப் பணிஸ் எல்லாம் சூடு ஆறாம அடுக்கியிருக்கும். வாங்கறேனோ இல்லையோ, பால்கனியில நின்னு பார்ப்பேன். அன்னிக்கு அடுப்பு பத்த வைக்கிறது கிடையாது. கடையில இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல் வாங்கி வந்து, ஒரு பிளேன்டீயோட உட்கார்ந்தா பத்து மணி ஆகும். தண்டவாளம் கடலை ஒட்டியே போறதால ரயில் போகும்போது ஜன்னல் கம்பி லேசா அதிரும். மே மாசத்துலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குக் காத்துல கடல் கொந்தளிக்கும், அலைச் சத்தம் வீட்டுக்குள்ளயே கேக்கும். நான் செய்றது இவ்வளவுதான் தம்பி. இதுல போட்டோ எடுத்துப் போட ஒண்ணும் இல்ல.

போயா நாள்தான் எனக்கு இந்தப் பழக்கத்தைக் கொடுத்தது. பௌர்ணமி தோறும் நாடே லீவு. மதுக்கடை மூடிடும், இறைச்சி விக்க மாட்டாங்க, ஆபீஸ்லேர்ந்தும் யாரும் கூப்பிட மாட்டாங்க. வந்த புதுசுல எனக்கு ஒரே எரிச்சலா இருக்கும். கீழ் வீட்டு யாழ்ப்பாணத்து அன்ரி அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவங்க. "பிள்ளை, நாங்கள் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனனாங்கள், தெரியுமோ?"ன்னு ஒரு நாள் கேட்டாங்க. நிஜம்தான். 1966லேர்ந்து 1971 வரைக்கும் இங்கே வார விடுமுறை ஞாயிறு இல்ல. அமாவாசை, பௌர்ணமி, ரெண்டு அஷ்டமி, இந்த நாலு போயாவும்தான் லீவு, அதுக்கு முதல் நாள் அரை நாள். நிலாக் கணக்குங்கிறதால சில வாரத்துக்கு எட்டு நாள் வந்துடுமாம்! வெளிநாட்டு வியாபாரத்துக்கு ஒத்து வராம திரும்ப ஞாயித்துக்கு மாத்தினாங்க. மாசத்துக்கு ஒரு பௌர்ணமி மட்டும் தங்கிடுச்சு. புத்தர் கோயிலுக்குப் போறவங்களுக்கு அது வழிபாட்டு நாள். எனக்கும் உங்களுக்கும் கடை கண்ணின்னு அலையாத நாள். அன்னிக்குன்னு கண்டிக்கு வண்டி பிடிக்காதீங்க, ஊரே அங்கேதான் நிக்கும்.

சுத்திப் பார்க்கவே கூடாதுன்னு சொல்லல. எல்ல எங்கேயும் ஓடிடாது, மாசம் ஒண்ணு போதும். மத்த வாரத்துல கால் கேட்டா கோட்டே பக்கம் பெத்தகான சதுப்பு நிலப் பூங்காவுக்குக் காலையிலயே போங்க. 2018ல, ஈரநிலங்களைக் காக்கிற ராம்சார் உலக ஒப்பந்தத்துல, ராம்சார் ஈரநில நகரம்னு உலக அளவுல அங்கீகாரம் வாங்கின முதல் நகரங்கள்ல கொழும்பும் ஒண்ணு. மால்லயே கிடக்கிற நம்ம ஆளுங்க பல பேருக்கு அது தெரியாது. மரப்பலகை நடைபாதைக்குக் கீழ கருந்தண்ணி, ஒரு கபரக்கொய்யா, அதான் நீர் உடும்பு, நாக்கை நீட்டிக்கிட்டு அதும்பாட்டுக்குக் குறுக்கே நீந்தும். ஒரு மணி நேரம் உட்கார்ந்துட்டு வெயில் ஏறுறதுக்குள்ள வீடு திரும்பிடலாம்.

கடைசியா, சனிக்கிழமை வாட்ஸ்அப்ல வேலை அனுப்புற மேலாளர். அதுக்கு வெள்ளிக்கிழமை மூணு மணிக்கே நீங்களா போய், திங்கள் வரைக்கும் பொறுக்க முடியாதது ஏதாவது இருக்கான்னு கேட்டுடுங்க. இருந்தா ராத்திரி ஆனாலும் அன்னிக்கே முடிச்சுடுங்க. பெரும்பாலும் இருக்காது. 1954ஆம் வருஷத்துக் கடை, அலுவலக ஊழியர் சட்டமே வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறைன்னு சொல்லுது. ஆனா முதல் மாசங்கள்லயே சட்டம் பேசி மனஸ்தாபம் வேண்டாம், இந்தக் கேள்வியே வேலை செய்யும். அதே சட்டப்படி முதல் வருஷம் ரெண்டு மாசத்துக்கு ஒரு நாள் தற்செயல் விடுப்பு உண்டு. அதைச் சில்லறையா செலவழிக்காம சேர்த்து, ஒரு போயாவை ஒட்டி எடுத்துக்கிட்டு ஊருக்குப் போனா, அம்மா கையால நிதானமா நாலு வேளை சாப்பிட்டுட்டு வரலாம்.