ஆற்றங்கரையில் கிடைத்த ஸ்னாப்பிங் ஆமைக்குஞ்சை வீட்டில் வளர்க்கலாமா?

அன்புத் தம்பி,

கனடாவின் ஸ்கார்பரோவுக்குக் குடிவந்து ஓராண்டுகூட ஆகவில்லை, ரூஜ் ஆற்றங்கரைப் பாதையில் மகன் கண்டெடுத்த ஆமைக்குஞ்சு சில நாட்களாக வாளியில் இருக்கிறது, அது ஸ்னாப்பிங் ஆமை (வெடுக்கென்று கடிக்கும் நன்னீர் ஆமை) என்று அயலவர் சொல்கிறார், வளர்க்கலாமா, எப்படிப் பிடிப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று மாமியார் கவலைப்படுவதையும் எழுதியிருந்தீர்கள். வீட்டுக்கு ஒன்றும் வராது என்று அவரிடம் சொல்லுங்கள். கேடு அந்தக் குஞ்சுக்குத்தான்.

உங்கள் படத்தைப் பார்த்தேன். முதுகில் மூன்று வரம்புகள், ஓட்டின் பின் விளிம்பில் பல் பல்லாக வெட்டு, ஓட்டின் நீளத்துக்கே வால். ஸ்னாப்பிங் ஆமைதான், ஐயமில்லை. ஒன்ராறியோவில் உரிமம் இல்லாமல் அதை வீட்டில் வைத்திருக்கச் சட்டம் இடம் தராது. வேட்டையாடுவதையும் 2017இல் நிறுத்திவிட்டார்கள். ரூஜ் தேசிய நகரப் பூங்காவிலிருந்து எந்த உயிரினத்தையும் எடுத்துவரவும் கூடாது. பிள்ளை அறியாமல் செய்தது. அவனைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

ஒரு குஞ்சுதானே என்று தோன்றும். இங்கே ஒரு பெண் ஆமை முதல் முட்டையிடப் பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் ஆகும். பிறகு ஆண்டுக்கொரு முறை இருபத்தைந்து, நாற்பது என்று இடும். பெரும்பாலானவற்றை நரியும் ரக்கூனும் தோண்டித் தின்றுவிடும். பொரிந்து வெளியே வருவனவற்றில் மிகச் சிலவே வளர்ந்த ஆமையாகும். பல பத்தாண்டுகள் உயிரோடிருந்து திரும்பத் திரும்ப முட்டையிட்டால்தான் இந்த இனத்துக்குக் கணக்கு நேராகும். ஒன்ராறியோவிலுள்ள ‘அல்கொங்குவின்’ என்னும் பூங்காவில் 1972 முதல் இந்த ஆமைகளை ஆராய்ந்துவருகிறார்கள். 1980களின் பிற்பகுதியில் நீர்நாய்கள் அங்கே குளிர்கால உறக்கத்திலிருந்த வளர்ந்த ஆமைகளைப் பெருமளவில் கொன்றன. இருபதாண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கூட்டம் பழைய எண்ணிக்கைக்கு மீளவில்லை. உங்கள் வாளியில் இருப்பது முதல் கண்டம் தப்பிய குஞ்சு, தம்பி. அதை எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வராது.

வளர்ப்பது என்றால் என்ன என்பதையும் கேளுங்கள். அமெரிக்காவில் சில மாநிலங்களில் அனுமதி உண்டு. என் மைத்துனர் அங்கே முறைப்படி ஒன்றை வைத்திருக்கிறார். இரண்டு டாலர் நாணயமளவில் வந்த குஞ்சு இப்போது பத்துக் கிலோவைத் தாண்டிவிட்டது. கண்ணாடித் தொட்டி போதாமல் மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கும் பெருந்தொட்டியை நிலவறையில் இறக்கினார். தொட்டியைவிடப் பெரிய அளவுக்கான வடிகட்டி, புறஊதா விளக்கு, மேலே பூட்டுள்ள மூடி. குழாய்த் தண்ணீரின் குளோரினை நீக்காமல் ஊற்றமாட்டார். தங்கமீனை மட்டும் உணவாகப் பழக்கினால் உயிர்ச்சத்துக் குறைபாடு வரும் என்பதால் புழு, பலவகை மீன், நீர்ச்செடி என்று மாற்றிக் கொடுக்கிறார். உணவை நீண்ட இடுக்கியால்தான் நீட்டுவார். கையால் கொடுத்துப் பழக்கினால் விரலும் உணவும் அதற்கு ஒன்றாகிவிடும். வெளியூர்ப் பயணமென்றால் அவருக்கு முதல் கவலை இந்த ஆமைதான். அவர் முதுமையை அடையும்போதும் அது உயிரோடிருக்கும்.

பிடிக்கும் முறையை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள், இங்கே வாழ்பவருக்கு அது என்றாவது தேவைப்படும். தலையையும் கால்களையும் உள்ளிழுத்து அடங்கிவிடும் பிராணி என்றே ஆமையை நாம் அறிந்து வளர்ந்தோம். இந்த இனத்துக்கு வயிற்றுப்பக்கத்து ஓடு மிகச் சிறியது. அதனால் ஓட்டுக்குள் ஒடுங்க முடியாது. ஆகவே கரையில் அகப்பட்டால் கடிப்பதைத் தவிர அதற்கு வேறு காப்பில்லை. தண்ணீரில் இருக்கும்போது மனிதரைக் கண்டால் விலகித்தான் போகும். கழுத்து நீளமானது, பின்னோக்கி ஓட்டின் பாதியைத் தாண்டியும் எட்டும். பக்கவாட்டில் நடுவில் பிடித்தால் கடி நிச்சயம். பின்னால் இருந்து நெருங்கி, வாலின் இரு பக்கமும் பின்னங்கால்களுக்கு மேலே ஓட்டின் விளிம்பை இரு கைகளாலும் இறுகப் பிடியுங்கள். நகங்களால் உதைக்கும், கை நழுவினாலும் அடிபடாதபடி தரையை ஒட்டியே தூக்குங்கள். பாரமானதென்றால் காரின் தரைவிரிப்பில் ஏற்றிப் பின்னாலிருந்து இழுத்துச் செல்லலாம், அகன்ற மண்வாரியும் உதவும். வாலைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள். வால் முதுகெலும்பின் தொடர்ச்சி. உடலின் முழுப் பாரமும் அதில் தொங்கினால் எலும்புகள் விலகி ஆமை முடமாகிவிடும். பலர் வீரமாக நினைத்துச் செய்வது இதைத்தான், பார்க்கவே பொறுக்காது.

உங்கள் குஞ்சு கடித்தாலும் பெரிய காயம் வராது. ஓட்டின் ஓரங்களில் இரு விரலால் பிடித்தால் போதும். இன்றே, பகலில், மகனையும் அழைத்துப்போய், கண்டெடுத்த இடத்துக்கு மிக அருகில், செடி அடர்ந்த ஆழமில்லாத நீர்க்கரையில் விடுங்கள். வேறு நல்ல குளம் பார்த்து விட வேண்டாம். எதுவும் சாப்பிடவில்லை என்று அஞ்சாதீர்கள், புதிதாகப் பொரிந்த குஞ்சின் உடலில் மஞ்சள்கரு மிச்சமிருக்கும். வாளியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். நலமாக இருக்கும் ஆமையிடமும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் தொட்ட எல்லோரும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள்.

ஆமை வளர்க்க வேண்டும் என்ற மகனின் ஆசை நல்ல ஆசை. கைக்குழந்தை வளர்ந்த பிறகு, கைவிடப்பட்ட சிவப்புக்காது ஆமை ஒன்றைக் காப்பகத்திலிருந்து தத்தெடுக்கலாம். அதுவும் முப்பது ஆண்டுப் பொறுப்பு என்பதை அவனிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஜூன் மாதத்தில் பெண் ஆமைகள் முட்டையிடச் சரளைக்கற்கள் கிடக்கும் சாலையோரங்களைத் தேடி வரும். சாலையில் ஒன்றைக் கண்டால், உங்களுக்கு ஆபத்தில்லாதபோது மட்டும் இறங்கி, அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே கடத்திவிடுங்கள்; திருப்பி விட்டால் மறுபடியும் சாலைக்கே வரும். அடிபட்டிருந்தால் காற்றோட்டமுள்ள பெட்டியில் தண்ணீர் ஊற்றாமல் வைத்து, கண்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, பீட்டர்பரோ அருகிலுள்ள ஒன்ராறியோ ஆமைப் பாதுகாப்பு மையத்தை அழையுங்கள். தாய் இறந்திருந்தாலும் வயிற்றிலுள்ள முட்டைகளை எடுத்து அங்கே பொரிக்க வைக்கிறார்கள். அவர்களுடைய எண்ணை இப்போதே கைப்பேசியில் சேமித்துவையுங்கள்.