தாடை மூட்டில் மனம் வைத்த பிள்ளைக்கு எந்த வழி?

அன்புள்ள அம்மா,

சனிக்கிழமை வெள்ளவத்தையில் என் அறைக்கு வந்தபோது, பிள்ளை தன் எக்ஸ்ரே படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். ஞானப்பல்லுக்காக எடுத்த படம். அவள் விரலோ பல்லில் நிற்கவில்லை. காதுக்கு முன்னால், கீழ்த்தாடை எலும்பு மண்டையோட்டோடு மூட்டாகச் சேர்கிற குமிழில் போய் நின்றது. "இடது பக்கம் உருண்டை, வலது பக்கம் தட்டை. ஏன்?" என்று கேட்டாள். "இதெல்லாம் ஒரு தொழிலா?" என்று நீங்கள் கேட்டீர்கள்.

முதலில் அவளுடைய கேள்வி. பல் இழப்பாலும் மூட்டுத் தேய்வாலும் குமிழின் வடிவம் மாறலாம். படம் எடுக்கும்போது தலை சற்றுத் திரும்பியிருந்தாலும் அப்படித் தெரியும். முகத்தைச் சுற்றி எடுக்கும் இந்தப் படம் வளைந்த தாடையைத் தட்டையாக விரித்துக் காட்டுகிறது. வடிவத்தைச் சரியாகப் பார்க்க முப்பரிமாண ஸ்கேன் வேண்டும். அதில் கதிர்வீச்சு அதிகம் என்பதால் ஆராய்ச்சிக்கென்று மட்டும் பொதுவாக எடுப்பதில்லை. சிகிச்சைக்காக ஏற்கெனவே எடுத்த படங்களையே, பெயர்களை நீக்கி, ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியோடு அளக்கிறார்கள்.

அப்படி அளந்ததில், ஆண்களின் குமிழ் சராசரியாகப் பெரியது. வடிவத்தில் அப்படிக் கோடு கிழிக்க முடியாது. உருண்டையும் தட்டையும் இருபாலாரிடமும் உண்டு. ஆகவே இந்த ஒரு குமிழை மட்டும் வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லிவிடக் கூடாது. மன்னாரிலும் செம்மணியிலும் புதைகுழிகளிலிருந்து மனித எலும்புகள் வெளிவந்த நாட்டில், இந்த நிதானத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாடை மூட்டு வலி பெண்களிடமே அதிகம். அதற்கு வடிவமும் ஒரு காரணமா என்பது அவளைப் போன்றவர்கள் தேட வேண்டிய விடை.

இனி உங்களுடைய கேள்வி. இதற்கென்று தனி வேலை கிடையாது. பல் வைத்தியத்தின் ஊடாகத்தான் போக வேண்டும். பேராதனையில் பல் வைத்தியப் பட்டம், பிறகு கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் மேற்படிப்பு, அல்லது பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவி. பல்கலைக்கழக அனுமதிக்குக் கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி உயரம்தான். அதற்காக விண்ணப்பத்தில் அந்தத் தெரிவைக் கீழே தள்ளிவிடாதீர்கள். மருத்துவத்துக்கு அடுத்ததாக வையுங்கள். பேராதனையிலேயே கதிர்ப்படவியல் பட்டமும் இருக்கிறது, அதையும் சேருங்கள். தூரம் என்று பயப்பட வேண்டாம், கோட்டையில் ஏறினால் கண்டி ரயில் பேராதனை வழியாகத்தான் போகிறது.

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வரும்வரை அவளுக்கு ஒரு வேலை தருகிறேன். அந்தப் படத்தில் வலது குமிழின் அகலத்தை அளந்து, எண்ணை எழுதித் தாளை உங்களிடம் தரட்டும். ஒரு கிழமை கழித்து, பழைய எண்ணைப் பார்க்காமல் மறுபடி அளக்கட்டும். இரண்டும் எவ்வளவு விலகின என்று குறித்துக்கொண்டு அடுத்த மாதம் வரச் சொல்லுங்கள்.