டியூப்ல சாப்பிடற புள்ளைங்க: நீங்க கேட்டது, எனக்கு தெரிஞ்சது

நான் டாக்டரும் இல்ல, மிஸியும் (நர்ஸ்) இல்ல. கோலாலம்பூர் செந்தூல்ல இருக்கேன், என் மகளுக்கு 13 வயசு, ரெட் சிண்ட்ரோம், மூளை வளர்ச்சிய பாதிக்கற ஒரு அரிய நோய். 5 வயசுல வயித்துல டியூப் போட்டோம், 8 வருசமா அதுலதான் சாப்பாடு, மருந்து, தண்ணி எல்லாம். கேள்வி இருந்தா கேளுங்கன்னு சொன்னேன், இவ்ளோ வரும்னு நெனக்கல. பால் எத்தனை மில்லி, மருந்து எத்தனை மில்லின்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க, அது உங்க டாக்டரும் டயட்டீஷியனும் சொல்ல வேண்டியது.

ஆயர் ஈத்தாம்லேர்ந்து ஒரு அம்மா: அக்கா, மகனுக்கு 3 வயசு, லீ சிண்ட்ரோம் (Leigh), மூளைய பாதிக்கற பரம்பரை நோய். பெக், அதான் வயித்துல ஓட்டை போட்டு வெக்கற டியூப், போடலாம்னு டாக்டர் சொல்லி 5 மாசம் ஆச்சு. ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் வாயாலதான் சாப்பிடறான், அதனால மனசு வரல. மாமியாரும் வேணாங்கறாங்க.

தங்கச்சி, ஒரு மணி நேரம்னா ஒரு நாளைக்கு மொத்தம் எவ்ளோன்னு கூட்டிப் பாத்தியா? 2017ல ஐரோப்பாவுல குழந்தைங்க வயிறு, சத்து பாக்கற டாக்டருங்க சேந்து ஒரு வழிகாட்டி போட்டாங்க, நரம்பு பிரச்சனை உள்ள புள்ளைங்களுக்குன்னே. ஊட்டறதுக்கே ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல போச்சுன்னா டியூப் பத்தி யோசிக்கணும்னு அதுல இருக்கு. நான் அதெல்லாம் தெரியாம ரெண்டு வருசம் ஓட்டுனவ. ஒரு கிண்ணம் கஞ்சிய மூணு தடவ சூடு பண்ணுவேன், அவ பல்லை கடிச்சுக்கிட்டு தலைய திருப்புவா, நெத்தியெல்லாம் வேர்த்து ஊத்தும், கடைசில பாதி கஞ்சி பிப்ல இருக்கும். அத பிழிஞ்சு பாத்து எவ்ளோ உள்ள போச்சுன்னு கணக்கு போடுவேன், பைத்தியக்காரி மாதிரி. எடை எட்டு மாசமா ஏறவே இல்ல. இப்ப கேட்டா நான் சொல்றது ஒன்னுதான், எடை விழுந்து புள்ள ஓஞ்சு போறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க, தெம்பு இருக்கும்போது ஆபரேஷன தாங்கறதும் சுலபம், புண்ணு ஆறறதும் சீக்கிரம்.

பெக்னாலே ஏதோ கடைசி காலத்து வயசானவங்களுக்கு போடறதுன்னு நெனக்கறாங்க. 1979ல அமெரிக்காவுல கிளீவ்லாந்துல மொத மொத இந்த முறைல டியூப் போட்டதே நாலரை மாச கைக்குழந்தைக்குதான். உங்க மாமியார்கிட்ட இத சொல்லிப் பாருங்க. என் மாமியார் எட்டு வருசம் ஆகியும் முழுசா ஒத்துக்கல, தினம் சாயங்காலம் பக்கத்துல உக்காந்து ஒரு சொட்டு தயிர் நாக்குல தடவிட்டுத்தான் எழுந்திரிப்பாங்க. அந்தளவு ருசி குடுக்கலாம்னு முழுங்கறத பாக்கற தெரபிஸ்ட் சொல்லிட்டாங்க, அதனால நான் தடுக்கறதில்ல. டியூப் போட்டா வாய மூடிடணும்னு இல்லம்மா, எவ்ளோ பாதுகாப்போ அவ்ளோ குடுக்கலாம்.

கெப்போங், ஒரு அப்பா: எங்க பாப்பாவுக்கு புரையே ஏறல, இருமலும் இல்ல. அப்புறம் ஏன் முழுங்கற டெஸ்ட் எடுக்க சொல்றாங்க?

அண்ணே, இருமல் இல்லாததுதான் பயமே. நம்ம புள்ளைங்கள்ல பல பேருக்கு தொண்டை உணர்ச்சி கம்மி, பால் நுரையீரலுக்குள்ள போனாலும் இருமத் தெரியாது, சத்தமில்லாம போயிடும். வருசத்துக்கு மூணு நாலு தடவ நெஞ்சு சளின்னு வார்டுல படுக்கறாங்களா, சாப்பிட்ட பிறகு குரல் தண்ணி மாதிரி கொழகொழன்னு கேக்குதா, பாருங்க. பேரியம் கலந்து குடுத்து எக்ஸ்ரே வீடியோ எடுப்பாங்க, எது எந்த வழியா போகுதுன்னு கண்ணாலயே பாக்கலாம். எடுத்துடுங்க.

ஜெலுத்தோங்: மூக்கு டியூப்தான் ஒன்னரை வருசமா. ஸ்டெதஸ்கோப் வெச்சு காத்து அடிச்சு சத்தம் கேட்டுட்டு பால் விடறேன். சரிதானே?

இல்லம்மா, அத இன்னிக்கே விட்டுடுங்க. டியூப் நுரையீரல்ல இருந்தாலும் அந்த 'புஸ்' சத்தம் கேக்கும். சிரிஞ்சுல கொஞ்சம் உறிஞ்சி பி.எச். பேப்பர்ல (ஆசிட் அளவு காட்டற பேப்பர்) ஒரு சொட்டு வைங்க, 5.5க்கு கீழ வந்தா வயித்துல இருக்குன்னு அர்த்தம். மூக்கு ஓரத்துல எந்த அளவு கோடு இருக்குன்னும் ஒவ்வொரு தடவையும் பாக்கணும். ஒமெப்ரசோல் மாதிரி ஆசிட் குறைக்கற மருந்து சாப்பிட்டா நம்பர் கூடுதலா காட்டும், அப்ப என்ன பண்றதுன்னு உங்க மிஸிகிட்ட முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிக்கங்க. சந்தேகம்னா பால் விடாதீங்க, அவ்ளோதான். இன்னொன்னு, மூக்கு டியூப் சில வாரத்துக்குத்தான், ஒன்னரை வருசம்னா அடுத்த அப்பாயின்மெண்ட்ல நீங்களே பேச்ச எடுங்க.

செத்தாப்பாக்: பட்டன் (வயித்து தோலோட ஒட்டி இருக்கற குட்டை டியூப்) கழண்டு விழுந்தா என்ன பண்றது அக்கா? நெனச்சாலே கை நடுங்குது.

எனக்கு ஒரு தீபாவளி காலைல நடந்துச்சு. புது பாவாட மாட்டி விடறேன், ஊக்கு ஓரம் மாட்டி இழுத்துருச்சு, பட்டன் 'பொளக்'னு கைல வந்துருச்சு, உள்ள இருக்கற பலூன் கிழிஞ்சிருந்துச்சு. அந்த ஓட்டைலேர்ந்து காலைல விட்ட பால் மெதுவா வழியுது, பாவாட பூரா பால். அவ என்ன பாத்து சிரிக்கறா!

விசயம் என்னன்னா அந்த வழி சீக்கிரமே சுருங்க ஆரம்பிச்சிடும், சில மணி நேரத்துல மூடிக்கற புள்ளைங்களும் இருக்காங்க. அதனால ஸ்பேர் பட்டன் ஒன்னு, இல்லன்னா ஒரு ஃபோலி கத்தீட்டர் (நுனில பலூன் வெச்ச மெல்லிசு டியூப்), எப்பவும் பைக்குள்ள இருக்கணும். எனக்கு மிஸி சொல்லிக் குடுத்திருந்தாங்க, ஜெல் தடவி மெதுவா உள்ள விட்டு டேப் ஒட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு போனேன். ஆனா ஆபரேஷன் ஆகி இன்னும் 3 மாசம் ஆகலன்னா தயவுசெஞ்சு நீங்களா எதையும் உள்ள தள்ளாதீங்க, வழி இன்னும் ஒட்டி இருக்காது, வேற இடத்துக்கு போயிடும், நேரா எமர்ஜென்சி. திரும்ப போட்ட பிறகும் வயித்து தண்ணி வருதான்னு உறுதியாகாம பால் விடக் கூடாது.

பலூன்ல தண்ணி இருக்கான்னு வாரம் ஒரு தடவ உறிஞ்சி பாருங்க. காய்ச்சி வடிச்ச தண்ணிதான் (டிஸ்டில்ட் வாட்டர்) போடணும், உப்புத்தண்ணி போட்டா உப்பு படிஞ்சு வால்வு கெட்டுடும், காத்து போட்டா இறங்கிடும். நான் ஞாயித்துக்கிழமை நகம் வெட்டற நேரத்துல பாப்பேன், அப்பதான் மறக்காது.

பட்டர்வொர்த், ஒரு தாத்தா: பேரனுக்கு எந்நேரமும் டின் பாலுதானா? பாட்டி வெக்கற ரசம், கீரை எல்லாம் விடக் கூடாதாம்மா?

விடலாம் ஐயா, வீட்டு சாப்பாட அரைச்சு விடறவங்க நெறைய பேர் இருக்காங்க. ஆனா மூணு விசயம். டயட்டீஷியன்கிட்ட கணக்கு போட்டுத்தான் ஆரம்பிக்கணும், ஏன்னா ரசம் வயித்த ரொப்பும், எடைய ஏத்தாது. டியூப் 14 ஃப்ரெஞ்ச் சைஸாவது (டியூப் தடிமனோட அளவு) இருந்தா நல்லது. டியூப் நுனி வயித்த தாண்டி குடல்ல இருக்கற புள்ளைக்கு இது வேணாம். மத்தபடி சோறு, பருப்பு, கோழி, பூசணி, கொஞ்சம் எண்ணெய், நல்லா மைய அரைச்சு வடிகட்டணும். நான் ஒரு தடவ முருங்கக்கீரைய வடிகட்டாம விட்டுட்டேன் ஐயா, அந்த நாரு போய் வால்வுல முடிச்சு போட்டுக்கிச்சு, ரெண்டு மணி நேரம் போராட்டம். இப்ப தே தாரேக் வடிகட்டற துணி சல்லடை ஒன்னு அவளுக்குன்னே தனியா வெச்சிருக்கேன்.

பங்சார்: அடைச்சுக்கிட்டா கோக் ஊத்தலாமா?

வேணாம். அந்த புளிப்புல பால் திரிஞ்சு இன்னும் கெட்டியாயிடும். வெதுவெதுப்பான தண்ணி, பெரிய சிரிஞ்சு, மெதுவா தள்ளி இழுத்து தள்ளி இழுத்து. அடைக்காம இருக்கணும்னா பாலுக்கு முன்னும் பின்னும் தண்ணி, மருந்து ஒவ்வொன்னா தனித்தனியா, நடுவுல தண்ணி. மெதுவா கரையற மாதிரி செஞ்ச மாத்திரைய பொடி பண்ணவே கூடாது, சிரப் இருக்கான்னு பார்மசில கேளுங்க.

பிறை: ஓட்டைய சுத்தி செவப்பா சதை வளந்து ரத்தம் கசியுது.

பாதி புள்ளைங்களுக்கு வரும் போல, என் மகளுக்கு மூணு தடவ வந்துருச்சு. பட்டன் லூசா ஆடி உரசுனா வளரும், குழந்தை வளர வளர அளவு மாத்தணும். போட்டோ எடுத்து கிளினிக்ல காட்டுங்க, சில்வர் நைட்ரேட் (அந்த சதைய கருக்கற மருந்து) தொட்டு விடுவாங்க இல்ல கிரீம் குடுப்பாங்க. காய்ச்சல், சீழ், சுத்தி சூடா வீக்கம்னா காத்திருக்காதீங்க.

ஜார்ஜ்டவுன்: தைப்பூசத்துக்கு தண்ணீர்மலைக்கு தூக்கிட்டு போகலாமா? வேண்டுதல் இருக்கு.

போங்க, நல்லா போங்க. நாங்க வருசா வருசம் பத்துமலை போறோம், படி ஏறறதில்ல, அடிவாரத்துல நின்னு கும்பிட்டுட்டு வந்துடுவோம். கலக்கி எடுத்துட்டு போன பால் அந்த வெயில்ல சீக்கிரம் கெட்டுடும், அதனால திறக்காத பாக்கெட் பாலா கொண்டு போயி அப்பப்ப திறங்க, மிச்சத்த கொட்டிடுங்க, பாவம் பாக்காதீங்க. வேர்வைக்கு கூடுதலா எவ்ளோ தண்ணின்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. படுக்க வெச்சு பால் விடாதீங்க, விட்ட பிறகும் அரை மணி நேரமாவது நிமித்தி வைங்க. யாராவது உத்து பாப்பாங்க, ஒரு பாட்டி வந்து திருநூறு பூசி விடுவாங்க, ரெண்டையும் வாங்கிட்டு வாங்க.

கிள்ளான்: வாயால சாப்பிடலயே, பல்லு விளக்கணுமா?

கட்டாயம். சாப்பிடாத வாயிலதான் காரை அதிகம் படியும், அந்த அழுக்கு எச்சியோட நுரையீரலுக்கு போனா நிமோனியா.

கோலாலம்பூர்: நாளைக்கு காலைல மகளுக்கு ஆபரேஷன். என்ன எடுத்துட்டு போகட்டும்?

மொதல்ல சளி, காய்ச்சல் இருந்தா இன்னிக்கே போன் பண்ணி சொல்லிடு, மறைக்காத, மயக்க மருந்து குடுக்கறவங்களுக்கு அது தெரிஞ்சே ஆகணும். வீட்டு மருந்து எல்லாம் பாட்டிலோட. முன்பக்கம் பட்டன் வெச்ச சட்டை நாலு. மொத 3 நாள்ல பால் விடும்போது புள்ள வலில துடிச்சாலோ, சுத்தி புதுசா ரத்தம் வந்தாலோ, ஓரத்துல பால் கசிஞ்சாலோ அந்த நிமிசமே நிறுத்திட்டு மிஸிய கூப்பிடு, 'சும்மா இருக்கும்'னு நீயா நெனச்சுக்காத. டிஸ்சார்ஜ் ஆகறதுக்கு முன்னாடி உன் கையாலயும் உன் வீட்டுக்காரர் கையாலயும் ரெண்டு தடவ பால் விட்டு காட்டு, அவரும் கத்துக்கணும், ராத்திரி 2 மணி பாலு அவருது.

அப்புறம் போன் சார்ஜருக்கு நீள வயர் எடுத்துக்க, வார்டுல பிளக் கட்டிலுக்கு பின்னாலதான் இருக்கும்.